உஷார்! எலும்பு வளர்ந்து முடிந்துவிட்டதா?

அக்கா மகளுக்கு 19 வயது. ஜாதகத்தோடு கொடுக்க போட்டோ எடுக்கப் போன இடத்தில், "தலையைக் கொஞ்சம் நேரா வைம்மா" என்று ஸ்டூடியோக்காரர் மூன்று தடவை சொல்லியிருக்கிறார். தலை நேராகத்தான் இருந்தது. மோவாய்தான் இடப்பக்கம் ஒதுங்கியிருந்தது. அடுத்த வாரமே ஒரு கிளினிக்கில், "ஒரே மாசத்துல ஆபரேஷன், தைக்குள்ள முகம் நேராயிடும்" என்று தேதியே குறித்துவிட்டார்கள். அட்வான்ஸ் கட்டக் கிளம்பும்போது அக்கா எனக்கு போன் போட்டாள்.

கட்டாதே என்றேன்.

காதுக்கு முன்னால் விரலை வைத்து வாயைத் திறந்து மூடிப் பாருங்கள். உருண்டையாக ஒன்று நகரும். அதுதான் கீழ்த்தாடை எலும்பின் மேல்முனை. சிலருக்கு, பெரும்பாலும் பதின்வயதிலும் இருபதுகளிலும், ஒரு பக்க முனை மட்டும் நிற்காமல் வளர்ந்துகொண்டே போகும். வலப்பக்கம் நீண்டால் மோவாய் இடப்பக்கம் தள்ளப்படும். அந்த வளர்ச்சி ஓயுமுன் தாடையை வெட்டி நகர்த்தி டைட்டானியம் பிளேட் போட்டால், எலும்பு தன் பாட்டுக்கு வளர்ந்து மோவாயை மறுபடி கோணலாக்கும். அப்புறம் இரண்டாவது ஆபரேஷன்தான்.

அன்று ராத்திரி தரையில் உட்கார்ந்து பழைய போட்டோக்களைப் பரப்பினோம். பத்தாம் வகுப்பு ஹால் டிக்கெட், பிளஸ் டூ, காலேஜ் ஐடி, இப்போதையது. புருவ மத்தியிலிருந்து மூக்கு நுனி வழியாக ஸ்கேலை வைத்தேன். பத்தாவதில் மோவாய் கோட்டிலேயே இருந்தது. பிளஸ் டூவில் லேசாக விலகியிருந்தது. இப்போது நன்றாகவே. (செல்ஃபியை இதற்கு நம்பாதீர்கள், கிட்டத்தில் பிடித்த போன் எந்த முகத்தையும் கோணலாக்கும். இம்மியளவு கோணல் எல்லோருக்கும் உண்டு.) பிறகு ஓர் ஐஸ்கிரீம் குச்சியைக் குறுக்காகக் கடிக்கச் சொன்னேன். கண்கள் நேராக இருக்க, குச்சி ஒரு பக்கம் இறங்கி நின்றது. கீழ்த்தாடை இறங்கிய பக்கம் மேல்தாடையும் கூடவே இறங்கியிருக்கலாம். அப்படியென்றால் கீழே மட்டும் வெட்டினால் போதாது.

வளர்ச்சி ஓடுகிறதா, ஓய்ந்ததா என்பதற்கு எலும்பு ஸ்கேன் இருக்கிறது. ஸ்கேனுக்காகக் கொடுக்கும் மருந்தில் இரு பக்க முனைகளும் உறிஞ்சுவதை 100 என்று வைத்தால், ஒரு பக்கம் 55-ஐத் தொட்டாலே சந்தேகம்தான். ஓடுகிறது என்றால் ஓயும்வரை காத்திருப்பார்கள், அல்லது முனையின் மேற்பகுதியைச் சீவி வளர்ச்சியை நிறுத்துவார்கள். அந்த கிளினிக்கில் ஸ்கேன் என்ற பேச்சே எழவில்லை.

பல் கிளிப் பேச்சும் எழவில்லை. வழக்கமாக ஆபரேஷனுக்கு முன் ஓராண்டு, ஒன்றரை ஆண்டு கிளிப் போட வேண்டும். கோணலுக்கு ஏற்பச் சாய்ந்திருக்கும் பற்களை நிமிர்த்தும்போது முகம் முன்பைவிட மோசமாகத் தெரியும். பயந்துபோய்ப் பாதியில் ஓடுகிறவர்கள் உண்டு. ஆபரேஷனை முதலில் செய்யும் முறையும் இருக்கிறது, ஆனால் அது எல்லோருக்கும் பொருந்தாது.

கீழ்த்தாடைக்குள்ளே ஒரு நரம்பு ஓடுகிறது. வெட்டும்போது அது இழுபட்டால் கீழுதடும் மோவாயும் மரத்துப்போகும். டீ வழிவதுகூடத் தெரியாது. பலருக்கு மாதக்கணக்கில் சரியாகும். சிலருக்கு மிச்சம் நின்றுவிடும்.

ரத்தப்போக்கு அதைவிடப் பயங்கரம். தென்கொரியாவில் தாடை ஆபரேஷன் அழகுக்காகவே நடக்கிறது. 2016-இல் சியோலில் தாடையைச் சீவி மெலிதாக்கப் போன ஒரு கல்லூரி மாணவர் ரத்தம் இழந்து, நினைவு திரும்பாமலே இறந்தார். தியேட்டர் கேமராப் பதிவைத் திரும்பத் திரும்பப் பார்த்த அவர் அம்மா, டாக்டர் பாதியிலேயே போய்விட்டதைக் கண்டுபிடித்துப் போராடினார். முழு மயக்கத்தில் செய்யும் ஆபரேஷன்களுக்கு கேமரா வைக்கும் சட்டம் 2021-இல் நிறைவேறி, 2023 செப்டம்பரில் அமலுக்கு வந்தது.

ஆகவே கேளுங்கள்: வெட்டப்போவது யார்? முகத்தாடை அறுவையில் எம்.டி.எஸ். முடித்தவரா? ஐ.சி.யூ. இருக்கிறதா? சென்னை அரசு பல் மருத்துவக் கல்லூரியில் இதற்கென்றே துறை இருக்கிறது. இரண்டாவது அபிப்பிராயத்துக்கு அங்கே போகலாம்.

குழந்தைகள் விஷயம் மட்டும் நேர்எதிர். மோவாயில் அடிபட விழுந்த பிள்ளைக்கு வாய் திறப்பு நாளுக்கு நாள் குறைந்தால், தாடை மூட்டு ஒட்டிக்கொண்டிருக்கலாம். வளரட்டும் என்று விட்டுவிடாதீர்கள், உடனே காட்டுங்கள்.

எங்கள் வீட்டில் ஸ்கேனுக்கு நாள் வாங்கியாயிற்று. கிளினிக்கிலிருந்து அக்காவுக்கு இன்னும் போன் வருகிறது. தள்ளுபடி இந்த மாதத்தோடு முடிகிறதாம்.