பழைய நூல்கள் எங்கே போயின? வரலாறும் வைத்தியமும் தேடுவோருக்குச் சில குறிப்புகள்

யாழ்ப்பாணப் பொது நூலகம் 1981ஆம் ஆண்டு எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் சாம்பலாயின. அன்று முதல், எமது பழைய நூல்களைத் தேடி வருவோருக்கு 'அவையெல்லாம் எரிந்துவிட்டன' என்று கூறி அனுப்பிவிடுவது வழக்கமாகிவிட்டது. அந்த இழப்பு ஈடுசெய்ய முடியாதது என்பதில் ஐயமில்லை. ஆனால் அப்பதில் முழு உண்மையன்று. ஏட்டுச் சுவடி எரிந்தால் அதனுடன் முடிந்துவிடலாம். அச்சு நூலுக்கோ வேறிடங்களிலும் பிரதிகள் இருக்கும். தேடும் வழி தெரியாமையால் இருக்கின்ற நூல்களையும் நாம் இழந்தவையாகவே எண்ணிக் கொள்கின்றோம்.

மானிப்பாயில் பணிபுரிந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் (1822-1884) வெளியிட்ட நூல்களை உதாரணமாகக் கொள்ளலாம். மேலைத்தேய மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்த அவர், தமது மாணவர்களின் துணையோடு பாடநூல்களை மொழிபெயர்த்தார். 'பிரசவ வைத்தியம்' 1857இலும், 'இரண வைத்தியம்' 1867இலும், 'கெமிஸ்தம்' 1875இலும் அச்சாயின. உயர்கல்வியைத் தமிழில் நடத்த முடியுமா என்று இன்றும் விவாதிக்கும் நாம், முதலில் எடுத்துப் பார்த்திருக்க வேண்டிய நூல்கள் இவை.

இவற்றைத் தேடுவதில் ஒரு சிக்கல் உண்டு. இந்நாட்டில் அச்சாகும் நூல்களின் பிரதிகளை அரசாங்கத்திடம் ஒப்படைக்க வேண்டும் என்ற கட்டளைச் சட்டம் 1885ஆம் ஆண்டிலேயே நடைமுறைக்கு வந்தது. அதற்குப் பிந்திய நூல்களைக் கொழும்பு நூதனசாலை நூலகத்திலும் தேசிய சுவடிகள் திணைக்களத்திலும் ஓரளவு நம்பிக்கையுடன் தேடலாம். கிறீன் காலத்து நூல்களோ பெரும்பாலும் அதற்கு முந்தியவை. அவற்றுக்கு, ஜோன் மேர்டொக் 1865இல் சென்னையில் வெளியிட்ட தமிழ் நூற்பட்டியலையும், பிரித்தானிய நூதனசாலையின் தமிழ் நூல்களுக்குப் பார்னெட், ஜி.யூ. போப் ஆகியோர் 1909இல் வெளியிட்ட பட்டியலையும் முதலில் பார்ப்பது நன்று. நூலின் சரியான பெயர், பதிப்பு, அச்சகம் என்பன தெரிந்த பின்னரே நூலகத்திற்குச் செல்ல வேண்டும். சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமும், 2005இல் தொடங்கிய 'நூலகம்' இணையத்தளமும் அடுத்துப் பார்க்க வேண்டியவை.

பெயர் தெரிந்திருந்தும் கிடைக்காமற் போவதற்கு எழுத்துக்கூட்டலே பெரும்பாலும் காரணம். 'செகராசசேகரம்' என்று தேடிக் காணாத நூல் 'ஜெகராஜசேகரம்' என்ற பெயரில் இருக்கலாம். வைத்தியம் 'வயித்தியம்' ஆகியிருக்கும். கிறீன் 'கிரீன்' ஆகியிருப்பார். ஆண்டும் ஏமாற்றும். முகப்பில் 'பிரபவ' என்று மட்டும் இருந்தால் அது 1867ஆ, 1927ஆ? இடையில் அறுபது ஆண்டுகள்! தாளும் எழுத்துருவும் அச்சகத்தின் பெயருமே அதைத் தீர்மானிக்கும்.

முஸ்லிம்களின் நூல்களைத் தேடுவோருக்கு வேறொரு தடையும் உண்டு. ஹிஜ்ரி ஆண்டை மாற்றிக் கணிப்பது எளிது; ஹிஜ்ரி 1303 என்பது 1885 ஒக்டோபரில் தொடங்கியது. அறபுத் தமிழ் நூல்களின் நிலையோ அத்தகையதன்று. எழுத்து அறபு, மொழி தமிழ் என்பதை அறியாத பட்டியலாளர் அவற்றை அறபு நூல்களோடு சேர்த்துவிடுவார். தமிழ் ஆய்வாளர் அப்பகுதியைத் திரும்பியும் பார்ப்பதில்லை. அறபு அறிந்தவருக்கோ வாசித்தால் பொருள் விளங்குவதில்லை. கலாநிதி ம.மு. உவைஸ் போன்றோரின் உழைப்பு இல்லாதிருந்தால் இத்துறையின் பரப்பே எமக்குத் தெரிந்திராது. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது, வீடுகளில் இருந்த கிதாபுகளைப் பொதி செய்து எடுத்துவர எவருக்கும் அவகாசம் இருக்கவில்லை. 1981ஐப் பற்றிப் பேசுவோர் இதனையும் சேர்த்தே பேசுதல் வேண்டும்.

நூல் கிடைத்த பின்னரும் அவதானம் தேவை. மயில்வாகனப் புலவரின் 'யாழ்ப்பாண வைபவமாலை'யை வாசிப்பவர், சுவாமி ஞானப்பிரகாசர் 1928இல் வெளியிட்ட 'யாழ்ப்பாண வைபவ விமர்சனம்' என்ற நூலையும் அருகில் வைத்துக்கொள்வது நல்லது. முன்னையதை மட்டும் கொண்டு வரலாறு எழுதப் புகுந்தோர் பலர். வைத்திய நூல்களில் தவறு நேர்ந்தால் விளைவு இன்னும் பாரதூரமானது. 'பரராசசேகரம்' போன்ற நூல்களில் வரும் மூலிகைப் பெயர்கள் இடத்துக்கிடம் வேறுபடும். பழைய நிறுத்தலளவைகளும் அவ்வாறே. பாதரசமும் பாஷாணமும் சேரும் முறைகளும் பழைய வைத்தியத்தில் உண்டு. எனவே அவற்றை வைத்திய வரலாறாக வாசிக்கலாம். அடுக்களையில் செய்து பார்க்கலாகாது.

பட்டியல்களுக்கு அகப்படாத நூல்கள் இன்னும் வீடுகளிலேயே இருக்கின்றன. பரம்பரை வைத்தியர்களின் பெட்டகங்களிலும் ஆலிம்களின் வீட்டு அலுமாரிகளிலும் உள்ள பிரதிகள் சில, எஞ்சிய ஒரே பிரதியாகவும் இருக்கக்கூடும். வீடு திருத்தும்போது கறையான் அரித்த தாள்களென்று இவை தீக்கிரையாவதும் உண்டு. அவ்வாறு ஒன்று கைக்குக் கிடைத்தால் முகப்புப் பக்கத்தையும் இறுதிப் பக்கத்தையும் படமெடுத்து, பல்கலைக்கழக நூலகமொன்றுக்கோ எண்ணிம நூலகத்தாருக்கோ காட்டலாம். நூலைக் கையளிக்க வேண்டியதில்லை; பிரதி எடுத்துவிட்டுத் திருப்பித் தருவார்கள். ஏட்டுக்குப் பூசும் புல்லெண்ணெயை அச்சுத் தாளில் பூச வேண்டாம். ஒட்டும் நாடாவால் கிழிசலை ஒட்டவும் வேண்டாம். சில ஆண்டுகளில் அந்த நாடாவின் பசையே தாளை மஞ்சளாக்கி எழுத்தைக் கெடுத்துவிடும்.