புயல் ஓய்ந்தபின் மலைவலம்

திருக்கார்த்திகைத் தீபம் காண அருணையை நோக்கி நடக்கும் அன்பர்களுக்கு மழை புதியதன்று. கார்த்திகை, வடகிழக்குப் பருவமழையின் மாதம். நனைந்த ஆடையோடு வலம் வந்து, முகில் விலகும் வேளை பார்த்து மலையுச்சியை நோக்கிக் கைகூப்பி நிற்பது நம் முன்னோர் கண்ட வழக்கமே. ஆயினும், 2024ஆம் ஆண்டுக் கார்த்திகை நமக்கு வேறொரு பாடத்தைக் கற்பித்தது. அப்பாடத்தை நாம் மறந்துவிடலாகாது. அதனை நினைவிற் கொண்டே மலைவலத்தின் பொருளை இங்குச் சிறிது சிந்திப்போம்.

அவ்வாண்டு நவம்பர் 30ஆம் நாள் இரவு ஃபெஞ்சல் என்னும் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. கரை கடந்த புயல் விரைந்து அகலவில்லை. நெடுநேரம் ஏறக்குறைய ஓரிடத்திலேயே நின்று பொழிந்தது. புதுச்சேரியில் ஒரே நாளில் சுமார் 49 சென்டிமீட்டர் மழை பெய்தது. முருகன் தலமாகிய மயிலத்தில் அதனினும் மிகுதி. பின்னர் அது வலுவிழந்து மேற்கே நகர்ந்து, விழுப்புரம், திருவண்ணாமலைப் பகுதிகளை நனைத்தது. சாத்தனூர் அணை நிறைந்து, டிசம்பர் 2ஆம் நாள் அதிகாலையில் விநாடிக்கு 1,68,000 கன அடி நீர் தென்பெண்ணையில் திறந்துவிடப்பட்டது. வீரட்டத் தலமாகிய திருக்கோவலூர் வழியாக அருணைக்கு நடந்துவரும் அடியார்கள் கடக்கும் ஆறு அதுவே.

இவற்றுக்கிடையே, டிசம்பர் 1ஆம் நாள் ஞாயிற்றுக்கிழமை மாலை, அண்ணாமலையின் அடிவாரத்து வ.உ.சி. நகரில் மலைச்சரிவு நெகிழ்ந்தது. மண்ணும் பாறையும் வீட்டின்மேல் விழுந்தன. எழுவர் உயிர் நீத்தனர். அவருள் ஐவர் குழந்தைகள். அந்நிகழ்ச்சிக்கு மூன்றாம் நாள், டிசம்பர் 4ஆம் நாளில், திருக்கோயிலில் கார்த்திகைப் பெருவிழாவுக்குக் கொடியேறியது. பதின்மூன்றாம் நாள் மகாதீபம். ஒருபுறம் துயரம், மறுபுறம் திருவிழா. இரண்டிற்கும் நடுவே அடியார் எவ்வாறு நடக்க வேண்டும்? இதுவே அன்று பலர் உள்ளத்தில் எழுந்த வினா.

பெயரே சொல்லும் பொருள்

முந்திய ஆண்டுகளில் தீபத்தன்று 2,500 பேர் வரை அனுமதிச் சீட்டுப் பெற்று மலையேறி வந்தனர். 2024இல் மண்ணியல் வல்லுநர்கள் மலையை ஆய்ந்து, மழையால் நெகிழ்ந்த சரிவில் மக்கள் திரளாக ஏறுதல் தீங்காகும் என்று கூறினர். அதன்மேல் அரசு மலையேற்றத்தைத் தடை செய்தது. கொப்பரையையும் நெய்யையும் திரியையும் கொண்டுசெல்வோர், தீபம் ஏற்றும் உரிமையுடைய பர்வதராஜ குலத்தார், காவற்பணி செய்வோர் என இன்றியமையாத சிலரே மேலே சென்றனர். தீபம் வழக்கம்போல் மாலை 6 மணிக்கு ஒளிர்ந்தது. மலையேற எண்ணி வந்த அன்பர் சிலர், "இவ்வாண்டு நம் வேண்டுதல் நிறைவேறவில்லையே" என மனம் வருந்தினர். அவ்வருத்தம் அன்பினால் வந்தது. எனினும் அது தேவையற்றது. ஏனெனில் மலையின் பெயரிலேயே அதற்கு விடை உள்ளது.

அண்ணுதல் என்றால் நெருங்குதல். அண்ணா என்றால் நெருங்க இயலாத என்பது பொருள். நெருங்க இயலாத மலை அண்ணாமலை. அடிமுடி தேடிய வரலாறு நாம் அறிந்ததே. திருமால் ஏனமாகி நிலத்தை அகழ்ந்து சென்றார். நான்முகன் அன்னமாகி வானத்தே பறந்தார். இருவருக்கும் எட்டாத தழலுருவே பின்னர்க் குளிர்ந்து மலையாயிற்று என்பர். அடியைத் தேடிச் சென்றவர் தம்மால் காண இயலவில்லை என்று பணிந்து ஒப்புக்கொண்டார். முடியைத் தேடிச் சென்றவர் கண்டதாகப் பொய் கூறினார். தாழம்பூவைச் சான்றாக அழைத்தார். காண இயலாமை குற்றமாகவில்லை. இயலாததை இயன்றதாகக் காட்டிக்கொண்டதே குற்றமாயிற்று. இதனை எண்ணிப் பார்த்தால், உச்சிக்குப் போக முடியவில்லை என்பதில் நமக்குக் குறை ஏதுமில்லை என்பது விளங்கும்.

மேலும் ஒரு செய்தி. திருஞானசம்பந்தப் பெருமான் அருணைக்கு வருமுன், தென்பெண்ணைக் கரையிலுள்ள அறையணிநல்லூர்க் குன்றை வலம் வந்தார். அங்கிருந்து அண்ணாமலையைத் தொலைவிலே கண்டு பாடினார் என்று சேக்கிழார் பெருமான் உரைக்கின்றார். தொலைவிலிருந்து கண்டதும் அவருக்குத் தரிசனமே. நெருங்கியவனுக்கு ஓர் அருள், தொலைவில் நிற்பவனுக்கு வேறோர் அருள் என்று இறைவன் அளந்து கொடுப்பதில்லை. 2,668 அடி உயரத்தில் எரியும் சுடர், பல ஊர்களிலிருந்து காணும்படி ஏற்றப்படுவதும் அதனால்தான். ஏற முடியாத முதியவரும் நோயாளரும் குழந்தைகளும் காணும்பொருட்டே ஒளி உயரத்தில் வைக்கப்படுகின்றது.

ஆகவே அடியாருக்குரிய இடம் மலையின் அடியே. அடியார் என்னும் சொல்லும் அதையே குறிக்கின்றது. பதினான்கு கிலோமீட்டர் அளவுள்ள கிரிவலப் பாதை அந்த அடியைச் சுற்றிச் செல்வது. வலம் வருபவர் மலையைத் தம் வலப்புறத்தே கொண்டு, சாலையின் இடப்பக்கமாக நடக்க வேண்டும் என்பது மரபு. மலைக்கும் நமக்கும் இடையே சிறிது இடம் விட்டு நடக்கும் இம்மரபில் பணிவும் இருக்கின்றது. இன்று பார்க்கும்போது பாதுகாப்பும் இருக்கின்றது.

காற்றும் நீரும் வழியில் உள்ளன

வலம் வரும் வழியில் எட்டுத் திசைக்கும் எட்டு இலிங்கங்கள் உள்ளன. இந்திரன், அக்கினி, எமன், நிருதி, வருணன், வாயு, குபேரன், ஈசானன் என்னும் எண்மரும் வழிபட்டனவாக அவை போற்றப்படும். தீயின் தலமாகிய இம்மலையைச் சுற்றுபவர், வருண இலிங்கத்தில் நீரை வணங்குகின்றனர். வாயு இலிங்கத்தில் காற்றை வணங்குகின்றனர். புயல் என்பது என்ன? நீரும் காற்றும் ஒருங்கே மிகுந்த நிலையே. வழக்கமான பௌர்ணமியில் இவ்விரு சந்நிதிகளிலும் திருநீறு பெற்று விரைந்து கடந்துவிடுகின்றோம். புயலுக்குப் பின் அங்கு நிற்பவருக்கு, தாம் வணங்குவது எத்துணைப் பெரிய ஆற்றல் என்பது புலப்படும். இயற்கையை வணங்குவோர் அதன் அளவை அறிந்து நடக்கவும் வேண்டும்.

மலைச்சரிவு எவ்வாறு நேர்கின்றது என்பதையும் அறிதல் நலம். அண்ணாமலை உறுதியான பாறையாலானது. எனினும் அப்பாறையின்மேல், வெயிலாலும் மழையாலும் நெடுங்காலம் சிதைந்த மண்போர்வை ஒன்று படிந்துள்ளது. அம்மண்ணில் பெரிய உருண்டைக் கற்கள் பதிந்துள்ளன. அளவான மழை பெய்தால் நீர் மேலே ஓடிவிடும். சிறிது உள்ளே இறங்கும். ஓயாது பெய்தாலோ, மண்ணின் துளைகள் அனைத்தும் நீரால் நிறைந்துவிடும். மண்ணின் எடை கூடும். மண்துகள்கள் ஒன்றையொன்று பற்றும் பிடிப்புக் குறையும். கீழேயுள்ள பாறை நீரை உறிஞ்சாது. ஆதலால் மண்ணுக்கும் பாறைக்கும் இடையே நீர் தேங்கி வழுக்கும். அப்போது மண் நகரும். அதிற் பதிந்த கற்களும் உடன் உருளும். மழை நின்ற உடனே இத்தீங்கு நீங்கிவிடுவதில்லை. உள்ளே இறங்கிய நீர் வடிய நாட்கள் ஆகும். வானம் வெளுத்துவிட்டது என்று நாம் எண்ணும் நாளிலும் சரிவு நெகிழக்கூடும். மலையேற்றத்திற்குத் தடை விதித்தவர்கள் கூறியதன் கருத்து இதுவே.

புயலுக்குப்பின் நடப்பவர் கவனிக்க வேண்டியவை

வெறுங்காலுடன் நடப்பது வலத்தின் மரபு. அதனை விட வேண்டுவதில்லை; ஆயினும், அடித்துவரப்பட்ட கண்ணாடித் துண்டும் முள்ளும் ஆணியும் சேற்றில் மறைந்து கிடக்கும். ஆதலால் விளக்கு உள்ள வழியில், கண்ணைக் கீழே வைத்து நடத்தல் வேண்டும். அறுந்து தொங்கும் மின்கம்பியை நெருங்கலாகாது. அது கிடக்கும் தேங்கிய நீரில் காலை வைக்கலாகாது. மலையை ஒட்டிச் செல்லும் உட்பாதையையும் காட்டுத் தடங்களையும் தவிர்த்து, பெருஞ்சாலையிலேயே செல்ல வேண்டும். மழைக்கு ஒதுங்குவோர் சரிவின் கீழும் சாய்ந்த மரத்தின் கீழும் நிற்றல் தகாது. மலையிலிருந்து நீர் திடீரெனக் கலங்கி வருதல், நேராக நின்ற மரம் சாய்தல், நிலத்திலும் சுவரிலும் புதிய வெடிப்புத் தோன்றல், சிறு கற்கள் உருளுதல் ஆகியவை சரிவின் முன்னறிகுறிகள். இவற்றைக் கண்டவர் உடனே விலகி, அருகிருப்போரையும் விலகச் செய்து, காவலருக்குத் தெரிவிக்க வேண்டும். வெள்ளம் புகுந்த குளத்தில் நீராடலும், காய்ச்சாத நீரைப் பருகலும் நோய்க்கு வழி வகுக்கும். ஆற்றைக் கடந்து வருவோர், பாலம் உறுதி என்று உரியவர்கள் அறிவித்த பின்னரே அடியெடுத்து வைத்தல் வேண்டும். நாள் தவறினால் அடுத்த பௌர்ணமி வரும். அண்ணாமலை அங்கேயேதான் இருக்கும்.

துயரின் முன் சைவர் சொல்லத் தகாத சொல்

இனி, சொல்லியே ஆகவேண்டிய ஒன்று உண்டு. எழுவர் மாண்ட செய்தி கேட்டு, "அவரவர் வினைப்பயன்" என்று கூறி நகர்ந்தோர் சிலர். வேறு சிலர், "அண்ணாமலையார் மடியில் உயிர் விட்டவர், முத்தியே" என்றனர். இரண்டும் நல்லெண்ணத்தோடு சொல்லப்பட்டிருக்கலாம். ஆயினும் குழந்தையைப் பறிகொடுத்த உறவினர் காதில் இச்சொற்கள் எப்படி விழும் என்பதை நாம் எண்ண வேண்டும். வினைக் கொள்கை, நமக்கு வரும் துன்பத்தை நாம் தளராது தாங்குவதற்காக நம் ஆசிரியர்கள் அருளியது. பிறர் துன்பத்தைக் கண்டும் காணாமல் போவதற்கு அதனைக் காரணமாக்குவது சைவமாகாது.

திருவீழிமிழலையில் பஞ்சம் வந்தபோது அப்பரும் சம்பந்தரும் என்ன செய்தனர்? மக்கள் செய்த வினையை ஆராய்ந்துகொண்டிருக்கவில்லை. இறைவனிடம் நாள்தோறும் படிக்காசு பெற்று, அதனைக் கொண்டு அடியவர்க்கு அமுதளித்தனர். இறைவனும் காரணம் கூறவில்லை, காசு கொடுத்தான். பசித்தவன் முன் சைவத்தின் விடை சோறு. வீடிழந்தவன் முன் சைவத்தின் விடை கூரை. மகவை இழந்த தாயின் முன் அதன் விடை, அருகமர்ந்து உடன் அழும் கண்ணீர்.

அப்பரடிகள் கையில் ஏந்திய படைக்கு உழவாரம் என்று பெயர். அவர் பாடினார், உடன், கோயில் திருமுற்றத்துப் புல்லையும் செதுக்கினார். அண்ணாமலையைப் பாடிய அதே அடியவர்தாம் மண்ணையும் சுத்தம் செய்தார். ஆகவே புயல் தாக்கிய தலத்துக்கு யாத்திரை செல்வோர்க்கு இரட்டைக் கடமை உண்டு. வலம் வருதல் ஒன்று. உழவாரம் ஏந்துதல் மற்றொன்று. மழைநீர்க் கால்வாயை அடைத்துக் கிடக்கும் நெகிழிப் பையையும் உணவுத் தட்டையும் அகற்றுவது உழவாரப் பணியே. அந்தப் பைகளையும் தட்டுகளையும் போட்டவர்கள் பெரும்பாலும் வலம் வந்த நாமேயன்றோ? வழிகள் அடைபட்டால், குளத்துக்குச் செல்ல வேண்டிய நீர் வீடுகளுக்குள் புகும்.

மலைக்கும் நாம் செய்ய வேண்டியது உண்டு. ஒரு காலத்தில் மரமின்றி வறண்டு கிடந்த இம்மலையில், கடந்த சில பத்தாண்டுகளாக அன்பர் பலர் கன்றுகள் நட்டும், கோடையில் காட்டுத்தீ பரவாமல் காத்தும் வந்துள்ளனர். மரத்தின் வேர் மேல்மண்ணைப் பிணித்து நிறுத்தும். பேய்மழையில் எல்லாச் சரிவையும் அது தடுத்துவிடும் என்று சொல்ல இயலாது. ஆயினும் மொட்டைச் சரிவைவிட மரமுள்ள சரிவு உறுதியானது. ஆதலால் மலையில் ஓரிடத்திலும் தீ வைக்காதிருத்தலும், கன்று நடுவோர்க்குக் கைகொடுத்தலும் சிவத்தொண்டே. சரிவில் குடியிருக்கும் எளியவர்களை இகழ்ந்து பேசுவதை விடுத்து, அவர்கள் சமதரையில் அச்சமின்றி வாழ வழி தேடுவோர்க்கு நாமும் துணை நிற்க வேண்டும்.

அவ்வாண்டுத் தீபநாளில் அடிவாரத்தில் நின்றவர்கள் மேலே நோக்கியபோது இரண்டைக் கண்டனர். உச்சியில் சுடர், சரிவில் மண் பெயர்ந்த வடு. சுடரை மட்டும் கண்டு வடுவைக் காணாமல் திரும்பினால் நம் வழிபாடு குறையுடையதாகும். வடுவை மட்டும் கண்டு சுடரை மறந்தால் நம் நம்பிக்கை தளரும். இரண்டையும் ஒருங்கே கண்டு, பணிந்த தலையும் பணி செய்யும் கையும் உடையவர்களாய் அடிவாரத்தில் நடப்பதே மலைவலம். அந்நடையில் முன்னே செல்பவர் வழுக்கினால் பின்னே வருபவர் தாங்குவார். வழியிலுள்ள வீட்டில் அழுகுரல் கேட்டால் கால் தானே நிற்கும். அவ்வாறு நடக்கும் உள்ளத்தை உண்ணாமுலை உடனாகிய அண்ணாமலையார் நமக்கு அருள்வாராக.