அலுமினியத்தின் கரைநிலைகளும் நோர்வே ஆறுகளும்

புவியோட்டின் நிறையில் ஏறத்தாழ 8 சதவீதம் அலுமினியமாகும். ஒட்சிசனுக்கும் சிலிக்கனுக்கும் அடுத்தபடியாக மிகுந்து காணப்படும் இம்மூலகம் மண்ணெங்கும் நிறைந்திருந்தும், உயிரினங்கள் பெரும்பாலும் அதனால் ஊறுபடாது வாழ்ந்து வந்துள்ளன. களிமண் கனியங்களின் சிலிக்கேற்றுக் கட்டமைப்பினுள் அது பிணைக்கப்பட்டிருப்பதே இதற்குக் காரணமாகும். அப்பிணைப்பைத் தளர்த்துவது அமிலம்.

நீரின் பீ.எச். பெறுமானம் 6க்கும் 6.5க்கும் இடைப்பட்டிருக்கும்போது அலுமினியம் ஐதரொட்சைட்டாகப் படிந்துவிடும். கரைந்திருப்பது மிகச் சொற்பம். 5.5க்குக் கீழே கரைதிறன் விரைந்து உயரும். 5க்குக் கீழே, ஆறு நீர் மூலக்கூறுகள் சூழ்ந்த, மூன்று நேரேற்றங்கள் கொண்ட அயனே மேலோங்கும். அமிலத்தன்மை குறையக் குறைய அம்மூலக்கூறுகள் ஐதரசன் அயன்களை இழக்க, ஏற்றம் குறைந்த ஐதரொட்சி அயன்கள் தோன்றுகின்றன. நீர் காரத்தன்மை அடையுமாயின் எதிரேற்றம் பெற்று அது மீண்டும் கரையும்.

இவ்வேறுபாடுகளின் பொருளைத் தென் நோர்வேயின் ஆறுகள் உணர்த்தின. 1975 வசந்தத்தில் பனி உருகியபோது தொவ்டால் ஆற்றில் ட்ரவுட் மீன்கள் பெருந்தொகையாக மடிந்தன. அமிலமே கொன்றதென முதலிற் கருதப்பட்டது. மண்ணிலிருந்து அவ்வமிலம் பெயர்த்தெடுத்து வந்த அலுமினியத்தின் பங்கு பின்னரே தெளிவாயிற்று. மீனின் செவுளையொட்டிய நீரில் அமிலத்தன்மை சற்றுக் குறைவு. அங்கு வந்தடையும் அயன்கள் ஒன்றோடொன்று இணைந்து செவுளிற் படிகின்றன. சளி பெருகி மூச்சுத் தடைப்படுகிறது. உடலின் உப்பும் வெளியேறுகிறது. ஆயினும் நீரிலுள்ள மொத்த அலுமினியத்தை அளந்து நஞ்சை மதிப்பிட முடியாதென்பதை, அமெரிக்காவின் அடிறொன்டாக் பகுதி நீர்பற்றி ட்றிஸ்கோலும் சகாக்களும் 1980இல் வெளியிட்ட ஆய்வு காட்டிற்று. மக்கிய சேதனப் பொருள்களோடு பிணைந்த அலுமினியம் மீனுக்கு அத்துணை தீங்கிழைப்பதில்லை. எனவே கபில நிறச் சதுப்புநீரில் மீன் பிழைத்திருக்க, பளிங்குபோன்ற ஏரியில் மடிவதும் உண்டு. (தெளிந்த நீரைத் தூய்மைக்கு உவமையாக்கிப் பழகிய நம்போன்ற இலக்கிய மாணாக்கர்க்கு இது சற்று அதிர்ச்சி தரும் செய்திதான்.)

அமிலத்தின் பெரும்பகுதி நோர்வேயில் உருவானதன்று. பிரித்தானியாவும் ஐரோப்பியப் பெருநிலமும் எரித்த நிலக்கரியின் கந்தகமே அது. 1952ஆம் ஆண்டின் இலண்டன் நச்சுப் புகைமூட்டத்தின் பின், 1956இல் பிரித்தானியா தூய காற்றுச் சட்டத்தை இயற்றியது. மின்நிலையப் புகைபோக்கிகள் உயர்ந்தன. டிறாக்ஸ் நிலையத்தினது 259 மீற்றர். அயலிலுள்ளோரின் காற்றுத் தெளிய, கந்தகம் வடகடலைக் கடந்தது. தென் நோர்வேயில் கடும்பாறைமீது கிடக்கும் மெல்லிய மண்ணிலோ அமிலத்தை நடுநிலையாக்கும் சுண்ணாம்பு மிகக் குறைவு.

கந்தக வெளியேற்றத்தை 30 சதவீதம் குறைக்கும் உடன்படிக்கை 1985இல் ஹெல்சிங்கியில் ஏற்பட்டபோது பிரித்தானியா கையொப்பமிடவில்லை. காரணகாரியத் தொடர்பு போதியளவு நிறுவப்படவில்லை என்று வாதிடப்பட்டது. அக்காலத்தில் அங்கு மின்னுற்பத்தி அரசுடைமையாக இருந்தமையை முற்போக்காளர் மனங்கொள்ளல் வேண்டும். உடைமை பொதுவாயிருந்தும் கணக்கு மலிவான மின்சாரத்தின் கணக்காகவே இருந்தது. அயல்நாட்டு ஆற்றின் இழப்பு அதில் இடம்பெறவில்லை. தனியார் இலாபவேட்கையைச் சுட்டிக்காட்டி அமைதிகொள்ளும் நமது வழமையான விளக்கம் இங்குப் போதாது.

பின்னைய பதின்வருடங்களில் கந்தக வெளியேற்றம் பெரிதும் குறைந்துவிட்டது. மண் இழந்த கல்சியமோ மெதுவாகவே மீள்கிறது. ஆகவே நோர்வே தன் ஆறுகளுக்குச் சுண்ணாம்பு இட்டு வந்துள்ளது. ஆனால் சுண்ணாம்பிட்ட ஆற்றோடு அமிலக் கிளையாறு கலக்குமிடத்தில், அலுமினியம் ஒரு நிலையிலிருந்து மறுநிலைக்கு மாறும் அக்குறுகிய பொழுதில், அதன் நச்சுத்தன்மை அமிலநீரில் உள்ளதிலும் மிகுந்துவிடுகிறது.