'டை' யாருடையது? சொந்தப் பாட்டையே மறுபடி பதிவு செய்த பேண்டின் கதை

ஓசூர் சிப்காட்டில் ஜாப் ஒர்க் எடுத்து ஓட்டுபவர்களுக்கு இது புதுசில்லை. பிரஸ் மெஷின் அவர்களுடையது, வேலை பார்ப்பதும் அவர்களுடைய ஆட்கள். ஆனால், பாகத்துக்கு வடிவம் கொடுக்கும் 'டை' பெரும்பாலும் ஆர்டர் தந்த கம்பெனிக்குச் சொந்தம். ஆர்டர் கைமாறினால் டையும் லாரி ஏறிவிடும்.

பாட்டு உலகத்தில் அந்த டைக்குப் பெயர் 'மாஸ்டர்'. அதாவது, ஸ்டுடியோவில் பதிவான மூல ஒலிப்பதிவு. மெட்டும் வரிகளும் இயற்றியவருடைய தனி உரிமை. ஆனால், அந்தப் பதிவு எங்கே ஓடினாலும், பதிவுக்கான காசு மாஸ்டரை வைத்திருப்பவருக்குத்தான் போகும்.

இங்கிலாந்தின் லீட்ஸ் நகரத்து பேண்டான 'கேங் ஆஃப் ஃபோர்' மாட்டிக்கொண்டது இங்கேதான். ஜான் கிங் குரல், ஆண்டி கில் கிட்டார், டேவ் ஆலன் பேஸ், ஹியூகோ பர்ன்ஹம் டிரம்ஸ். பங்க்கின் கோபத்தையும் ஃபங்க்கின் ஆட்டத் தாளத்தையும் சேர்த்தார்கள். பேஸும் டிரம்ஸும் ஆட வைக்கும். நடுவில் கில்லின் கிட்டார், தகரத்தைக் கீறுவதுபோல வந்து சட்டென்று நின்றுவிடும். அந்த நிறுத்தம்தான் எனக்குப் பிடித்த இடம்.

பாடியதோ உழைப்பு, ஷாப்பிங், விற்பனைப் பொருளாகிவிட்ட ஓய்வு நேரம் பற்றி. வளைந்துகொடுக்கவும் மாட்டார்கள். 1979-ல் ஆணுறையைக் குறிக்கும் ஒரு சொல்லை பிபிசி மாற்றச் சொன்னதில் தகராறு முற்றி, 'டாப் ஆஃப் த பாப்ஸ்' நிகழ்ச்சியை விட்டே வெளியேறினார்கள். இப்படிப்பட்டவர்களின் முதல் ஆல்பமான 'என்டர்டெயின்மென்ட்!' அதே 1979-ல் வந்தது எந்த கம்பெனியில் தெரியுமா? ஈ.எம்.ஐ. என்ற பெருநிறுவனத்தில்!

ரெக்கார்டு கம்பெனி தரும் முன்பணம் கிட்டத்தட்ட கடன் கணக்கு மாதிரி. விற்பனையில் வரும் பங்கில் அது கழியும்வரை கலைஞர் கைக்கு ராயல்டி வராது. ஈ.எம்.ஐ. விற்பனையில் தங்களுக்குப் பணமே வரவில்லை, முன்பணம் இன்னும் கழியவில்லை என்று பல வருஷம் கழித்து கில் சொன்னார்.

2005-ல் அதே நால்வரும் ஒன்றாகி, பழைய பாடல்களைத் திரும்ப வாசித்து 'ரிட்டர்ன் த கிஃப்ட்' என்று வெளியிட்டார்கள். பாட்டு பழசு, பதிவு புதுசு. நம்ம ஊர் பாஷையில், புது டை வெட்டிக்கொண்டார்கள். 2021-ல் டெய்லர் ஸ்விஃப்ட் தன் பழைய ஆல்பங்களைத் திரும்பப் பாடி வெளியிடத் தொடங்கியதும் இதே வழியில்தான். ஒப்பந்தத்தில் மறுபதிவுத் தடை இருந்தால், அதன் காலம் முடிய வேண்டும், அவ்வளவுதான்.

இந்தியாவிலும் 1957 காப்புரிமைச் சட்டப்படி ஒலிப்பதிவின் முதல் உரிமையாளர் தயாரிப்பாளரே. ஆனால், 2012 திருத்தம் ஒரு பிடி கொடுத்தது. சினிமா பாடல் தியேட்டருக்கு வெளியே சம்பாதிக்கும் ராயல்டியில் இசையமைப்பாளர், பாடலாசிரியரின் சமபங்கை ஒப்பந்தம் போட்டு எழுதி வாங்கிவிட முடியாது. இண்டி ஆல்பம் போடும் இளைஞர்கள் கையெழுத்துக்கு முன் பார்க்க வேண்டியவை மூன்று: மாஸ்டர் யாருக்கு, எத்தனை வருஷத்துக்கு, முன்பணம் எப்படிக் கழியும்.

சரி, புதுப் பதிவு நல்லா இருக்கா? சத்தம் பெருசு, டிரம்ஸ் திடம். ஆனால் 1979-ன் அந்தப் பதற்றம் இல்லை. கில் 2020 பிப்ரவரியில் இறந்தார். அடுத்த வருஷம் மெட்டடார் நிறுவனம் முதல் இரண்டு ஆல்பங்களையும் பெட்டித் தொகுப்பாக மறுபடி கொண்டுவந்தது. கேட்பதாக இருந்தால் நான் அதில்தான் ஆரம்பிக்கச் சொல்வேன்.