தாளத் தட்டின் வயதைச் சொல்லும் முத்திரை

நம் வீட்டு அடுக்களையில் இருக்கும் பித்தளைக் குடத்தையும் எவர்சில்வர் தூக்கையும் எடுத்துப் பாருங்கள். ஏதாவது ஓரிடத்தில் பெயர் வெட்டியிருக்கும். பாட்டியின் பெயர், தாய்மாமன் பெயர், கல்யாணத் தேதி என்று ஏதேனும் ஒன்று. 'இந்தக் குடம் யார் கொடுத்தது, எந்த வருஷம் வந்தது?' என்று வீட்டில் வாக்குவாதம் வந்தால், பெரியவர்களின் ஞாபகத்தைவிட அந்த வெட்டெழுத்துத்தான் சரியான சாட்சி சொல்லும்.

பேண்டு வாத்தியக்காரர்களின் சிம்பலுக்கும் இப்படி ஒரு சாட்சி உண்டு. டிரம் செட்டின் மேலே, கம்பியில் மாட்டி, குச்சியால் 'ஜிங்' என்று தட்டுகிறார்களே, அந்த வெண்கலத் தட்டைத்தான் சொல்கிறேன். நம் கோயில் ஜால்ராவுக்கு அது பெரிய அண்ணன். அதன் மேற்புறத்தில் உற்றுப் பார்த்தால், அச்சு வைத்து அடித்த ஒரு முத்திரை தெரியும். படிக்கத் தெரிந்தவருக்கு அது அந்தத் தட்டின் பிறப்புச் சான்றிதழ்!

தொழிலே குடும்பப் பெயர்

உலகப் புகழ் பெற்ற சிம்பல்களைச் செய்தது ஓர் ஆர்மீனியக் குடும்பம். துருக்கி நாட்டில், அன்று கான்ஸ்டான்டினோப்பிள் என்று அழைக்கப்பட்ட தலைநகரில், அவடிஸ் என்பவர் 1623-ல் பட்டறை வைத்தார். செம்பு 80 பங்கு, வெள்ளீயம் 20 பங்கு, இதுதான் கலவை. இவ்வளவு வெள்ளீயம் சேர்ந்தால் வெண்கலம் எளிதில் உடைந்துவிடும். அது உடையாமல் காய்ச்சித் தகடாக்கும் பக்குவத்தைக் குடும்ப ரகசியமாகவே காத்தார்கள்.

அவர்களுடைய பெயர் ஸில்ஜியான். துருக்கி மொழியில் 'ஸில்' என்றால் தாளத் தட்டு. 'ஜி' என்றால் அதைச் செய்பவர். 'யான்' என்பது இன்னார் மகன் என்று சொல்லும் ஆர்மீனிய விகுதி. தாளத் தட்டுக்காரரின் மகன், அவ்வளவுதான் பொருள்.

1865-ல் பட்டறைப் பொறுப்பு கெரோப் என்பவர் கைக்கு வந்தது. அவர் பெயரின் முதல் எழுத்துத்தான் 'கே. ஸில்ஜியான்' என்ற முத்திரையில் உள்ள 'கே'. குடும்பத்தின் இன்னொரு கிளை அமெரிக்கா போனது. மாசச்சூசெட்ஸ் மாநிலத்தில் மிட்டாய்த் தொழில் செய்துகொண்டிருந்த இன்னோர் அவடிஸுக்கு 1927-ல் பெரியவர் அராமிடமிருந்து கடிதம் வந்தது. குலத்தொழிலை எடுத்து நடத்து என்றது கடிதம். 1929-ல் குவின்சி என்ற ஊரில் அமெரிக்கத் தொழிற்சாலை தொடங்கியது. அந்தத் தட்டுகளைத்தான் 'ஏ. ஸில்ஜியான்' என்கிறார்கள்.

முத்திரையைப் படிப்பது எப்படி?

முதலில் ஊர்ப் பெயரைத் தேடுங்கள். 'கான்ஸ்டான்டினோப்பிள்' என்று இருந்தால் மிகப் பழைய தட்டு. 1930-ல் துருக்கி அரசு, தபாலில் 'இஸ்தான்புல்' என்ற பெயரையே எழுத வேண்டும் என்று உலகத்தைக் கேட்டுக்கொண்டது. ஆகவே 'இஸ்தான்புல்' முத்திரை உள்ள கே தட்டுகள் அதையொட்டிய காலத்தவை, அல்லது அதற்குப் பிந்தியவை. பிறையும் நட்சத்திரமும், 'மேட் இன் டர்க்கி' என்ற சொற்களும் அவற்றில் வரும். ஆனாலும் ஓர் எச்சரிக்கை: சட்டம் மாறிய மறுநாளே பட்டறைக்காரர் பழைய அச்சைத் தூக்கி எறிந்துவிட மாட்டார். தேயும் வரை அடிப்பார். ஆகவே ஓரிரண்டு ஆண்டுகள் முன்பின் இருக்கலாம்.

'மேட் இன் யு.எஸ்.ஏ.' என்று இருந்தால் தட்டு 1929-க்கு முந்தியதாக இருக்க முடியாது. இங்கே ஒரு வேடிக்கை. அதே முத்திரையில் 'அசல் துருக்கி சிம்பல்கள்' என்றும் ஆங்கிலத்தில் அடித்திருப்பார்கள்! மேலே பழைய துருக்கி அரபு எழுத்தும் இருக்கும். துருக்கியிலேயே 1928-ல் அரபு எழுத்தை விட்டு ரோமன் எழுத்துக்கு மாறிவிட்டார்கள். அமெரிக்கத் தட்டிலோ அது நிலைத்துவிட்டது. அரபு எழுத்தைப் பார்த்ததும் 'நூறு வருஷத்துச் சரக்கு' என்று யாராவது சொன்னால் நம்பிப் பணம் கொடுத்துவிடாதீர்கள்.

'ஏ', 'கே' என்ற ஒற்றை எழுத்தை மட்டும் பார்த்தும் ஏமாறக் கூடாது. 'ஏ' முத்திரையோடு கான்ஸ்டான்டினோப்பிளில் செய்த தட்டுகள் உண்டு. 1980களில் அமெரிக்காவில் செய்த 'கே' தட்டுகளும் உண்டு. எழுத்தையும் ஊரையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

1980களில் பெரிய எழுத்தில் மையால் பெயர் அச்சிட்ட தட்டுகள் வந்தன. மை இருந்தால் அந்தக் காலத்தது அல்லது அதற்குப் பிந்தியது என்று ஊகிக்கலாம். மை இல்லாததால் பழையது என்று முடிவு கட்ட முடியாது. துடைத்துத் துடைத்து அழிந்திருக்கலாம். 1994 முதல் ஸில்ஜியான் முத்திரையை லேசர் ஒளியால் பொறித்து, வரிசை எண்ணும் சேர்த்தார்கள்.

முத்திரை ஒரு சாட்சிதான். இரண்டாவது சாட்சி தட்டின் மேனி. இஸ்தான்புல் தட்டுகளில் கைச்சுத்தியல் தழும்புகள் ஒழுங்கில்லாமல் கிடக்கும். நல்ல விலை போகும் பொருளுக்குப் போலி முத்திரையும் வரும். முத்திரை ஒன்று சொல்லி, தழும்பு வேறொன்று சொன்னால் சந்தேகப்படுங்கள்.

சுத்தியல் பிடித்த கைகள்

இந்த முத்திரைகளில் முதலாளியின் பெயர் இருக்கிறது. நெருப்பில் காய்ச்சி, நாளெல்லாம் அடித்த தொழிலாளியின் பெயர் எங்கே? பல ஆண்டுகள் அதற்கு இடமே இல்லை. 1968-ல் அமெரிக்க நிறுவனம் கே ஸில்ஜியான் உரிமையை வாங்கியது. 1970களின் பிற்பகுதியில் இஸ்தான்புல் பட்டறை மூடப்பட்டது. தோட்டம் கைமாறினால் பாடுபட்டவன் கதி என்ன என்பது நம்மவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஆனால் கையில் படிந்த தொழிலை யாரும் விற்றுவிட முடியாதல்லவா? சிறு வயது முதல் அந்தப் பட்டறையில் வேலை கற்ற அகோப், மெஹ்மெத் என்ற இருவர், 1980களின் தொடக்கத்தில் சொந்தமாகத் தட்டு செய்ய ஆரம்பித்தார்கள். 'இஸ்தான்புல்' என்று ஊரின் பெயரையே முத்திரையாக வைத்தார்கள். தட்டின் அடிப்புறத்தில் இருவரும் தங்கள் கையெழுத்தைப் போட்டார்கள்! 1996-ல் அகோப் மறைந்தார். அதன்பின் 'இஸ்தான்புல் அகோப்', 'இஸ்தான்புல் மெஹ்மெத்' என்று இரண்டு நிறுவனங்களாயின. ஆகவே இரு கையெழுத்தும் சேர்ந்த தட்டு கிடைத்தால், அது 1980-க்கும் 1996-க்கும் இடைப்பட்ட காலத்தது என்று தைரியமாகச் சொல்லலாம். அடித்தவனே பெயர் எழுதிய தட்டு அது.

கையில் கிடைத்தால்...

பழைய டிரம் செட் எங்காவது மூலையில் கிடந்தால், தட்டைப் பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போடும் முன் ஒரு நிமிடம் பொறுங்கள். புளி போட்டுத் தேய்த்துவிடாதீர்கள். பளபளப்பு வரும், எழுத்து போய்விடும். இளஞ்சூட்டு நீரில் கொஞ்சம் சவர்க்காரம் கலந்து, மெல்லிய துணியால் துடைத்தால் போதும்.

பிறகு மாலை வெயில் பக்கவாட்டில் விழும்படி தட்டைச் சாய்த்துப் பிடியுங்கள். மங்கிய எழுத்தும் நிழல் விழுந்து தெரியும். அப்படியும் தெரியாவிட்டால், மெல்லிய தாளை முத்திரைமேல் வைத்துப் பென்சிலைப் படுக்கப் போட்டுத் தேயுங்கள். நாம் பள்ளிக்கூடத்தில் காசை வைத்துத் தேய்த்து விளையாடினோமே, அதே வித்தைதான். எழுத்து தாளில் எழுந்து வரும். பிள்ளைகளை விட்டுச் செய்யச் சொல்லுங்கள். ஊரும் எழுத்தும் என்ன என்று அவர்களே கண்டுபிடிக்கட்டும்.

அப்படியே அடுக்களைக்குள் போய், அந்தப் பித்தளைக் குடத்தில் வெட்டியிருக்கும் பெயர் யாருடையது என்றும் அவர்களுக்குச் சொல்லி வையுங்கள்.