திவாலான நிறுவனத்தின் வழக்குக்கு வெளியார் பணம் போடலாமா?

ஒரு நிறுவனம் திவாலானது என்ற செய்தியைப் படிக்கும்போது, அது வங்கிகளுக்கும் பெரும் முதலாளிகளுக்கும் உள்ள பிரச்சினை என்று நாம் கடந்துபோய் விடுகிறோம். ஆனால் அந்த நிறுவனத்துக்குக் கடனுக்குத் தோல் கொடுத்த ஆம்பூர் வியாபாரியும், வளைகுடாவில் உழைத்த பணத்தை அடுக்குமாடி வீட்டுக்கு முன்பணமாகக் கட்டிய குடும்பமும், சம்பள பாக்கியோடு நிற்கும் தொழிலாளியும் கடன் கொடுத்தவர்கள்தான். இவர்களுடைய பணம் திரும்புமா என்பது பல நேரங்களில் ஒரு வழக்கைப் பொறுத்தது. அந்த வழக்கை நடத்தத் திவாலான நிறுவனத்திடம் பணம் இருக்காது. அந்தச் செலவை வெளியார் ஒருவர் ஏற்றுக்கொண்டு, வென்றால் பங்கு கேட்பதைத்தான் மூன்றாம் தரப்பு வழக்கு நிதி என்கிறார்கள்.

இரண்டு வகைக் கடனாளிகள்

சிரமத்தில் இருக்கும் கடனாளிக்கு வசதி வரும்வரை அவகாசம் கொடுக்குமாறு அல்பகரா அத்தியாயத்தின் 280ஆம் வசனம் நமக்குக் கட்டளையிடுகிறது. அதே நேரத்தில், வசதி இருந்தும் கடனை இழுத்தடிப்பது அநியாயம் என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்துள்ளார்கள். தொழிலில் உண்மையாகவே நொடித்துப் போனவர் வேறு. சொத்தை உறவினர் பெயருக்கு மாற்றிவிட்டுக் கையை விரிப்பவர் வேறு. நாம் பேசும் வழக்குகள் இரண்டாம் வகையினர் மீது தொடுக்கப்படுபவை.

வழக்கு எதற்கு?

இந்தியாவில் 2016ஆம் ஆண்டின் நொடிப்பு மற்றும் திவால் சட்டம், நிறுவனம் சரிவதற்கு முன் நடந்த சந்தேகத்துக்குரிய பரிமாற்றங்களைத் திருப்ப வழி செய்கிறது. ஒரு கடனாளருக்கு மட்டும் சலுகை காட்டியது, சொத்தை அடிமாட்டு விலைக்குக் கொடுத்தது, மோசடியாகத் தொழில் நடத்தியது ஆகியவை இதில் அடங்கும். சலுகைப் பரிமாற்றம் என்றால், தொடர்புடையவர்களுக்குக் கொடுத்ததை 2 ஆண்டுகள் வரையிலும் மற்றவர்களுக்குக் கொடுத்ததை 1 ஆண்டு வரையிலும் பின்னோக்கிப் பார்க்கலாம்.

ஜேபி இன்ஃப்ராடெக் வழக்கு இதற்கு நல்ல உதாரணம். வீடு வாங்கப் பணம் கட்டிவிட்டு ஆயிரக்கணக்கானோர் காத்திருந்த நிறுவனம் அது. தன் தாய் நிறுவனம் வாங்கிய கடன்களுக்காக அது தன்னுடைய நிலத்தை அடமானம் வைத்திருந்தது. 758 ஏக்கர் மீதான அந்த அடமானம் செல்லாது என்று 2020 பிப்ரவரி 26 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தீர்ப்பாயத்தில் வெற்றி, மேல்முறையீட்டில் தோல்வி, உச்ச நீதிமன்றத்தில் மீண்டும் வெற்றி என்று போன வழக்கு அது. இப்படி மூன்று படி ஏறி இறங்க எவ்வளவு செலவாகும் என்று யோசித்துப் பாருங்கள்.

பணம் போடுபவருக்கு என்ன லாபம்?

உதாரணத்துக்கு, முதலாளி தன் உறவினர் பெயருக்கு மாற்றிய 5 கோடி ரூபாய் சொத்தை மீட்க வழக்கு என்று வைத்துக்கொள்வோம். வக்கீல் கட்டணம், கணக்குத் தணிக்கைச் செலவு எல்லாவற்றையும் நிதி தருபவர் ஏற்கிறார். தோற்றால் அவர் பணம் போனது போனதுதான். வென்றால் பேசியபடி 30 சதவீதம், அதாவது ஒன்றரை கோடி, அவருக்கு. மீதி மூன்றரை கோடிதான் கடன் கொடுத்தவர்களுக்கு.

நிறுவனம் கலைக்கப்பட்டால் அந்த மீதியும் வரிசைப்படிதான் பிரியும். முதலில் திவால் நடவடிக்கைச் செலவு. அடுத்து, அடமானம் பெற்ற கடனாளர்களும் தொழிலாளர்களின் 24 மாத பாக்கியும் சம நிலையில். கடனுக்குச் சரக்கு கொடுத்த சிறு வியாபாரி வரிசையின் கடைசிப் பகுதியில் நிற்கிறார். ஆகவே நிதி தருபவரின் பங்கு கூடக் கூட, முதலில் அடிபடுவது அவர்தான்.

சட்டத்தின் நிலை

வழக்கில் பங்கு பேசிப் பணம் போடுவதை இங்கிலாந்துச் சட்டம் நீண்ட காலம் குற்றமாகக் கருதியது. அந்தத் தடை இந்தியாவுக்கு அப்படியே பொருந்தாது என்று 1876இலேயே பிரிவி கவுன்சில் கூறிவிட்டது. 2018இல் ஏ.கே. பாலாஜி வழக்கில், வக்கீல் அல்லாத வெளியார் வழக்குக்குப் பணம் தந்து முடிவுக்குப் பின் திரும்பப் பெறுவதற்குத் தடை இருப்பதாகத் தெரியவில்லை என்று உச்ச நீதிமன்றம் குறிப்பிட்டது. ஆனால் வக்கீல் தன் கட்சிக்காரரின் வழக்கில் பங்கு பேசக்கூடாது. கலைக்கப்படும் நிறுவனத்தின் இத்தகைய வழக்கு உரிமையை வேறொருவருக்கு மாற்றிக் கொடுக்கவும் 2020 நவம்பரில் விதி வந்தது. நம் மக்கள் அதிகம் வாழும் சிங்கப்பூரில், கலைப்பு அதிகாரி வெளியாரிடம் வழக்கு நிதி பெற சட்டத்திலேயே இடம் உண்டு.

மார்க்கப் பார்வையில்

இங்கு ஒப்பந்தத்தின் பெயரை விட உள்ளடக்கமே முக்கியம். வென்றாலும் தோற்றாலும் போட்ட பணத்தை மாதத்துக்கு இத்தனை சதவீதம் சேர்த்துத் திருப்ப வேண்டும் என்றிருந்தால், அது வட்டி. தோல்வியின் நஷ்டத்தை நிதி தருபவரே சுமந்தால் அது கடன் அல்ல. ஆனாலும் எவ்வளவு கிடைக்கும், எப்போது கிடைக்கும் என்று தெரியாத ஒன்றில் பங்கு பேசுவதால், கரர் எனும் நிச்சயமின்மை பற்றிய கேள்வி எழுகிறது. பொய் வழக்குக்குப் பணம் போடுவது எந்தப் பெயரிலும் ஆகாது. பிறர் பொருளை அநியாயமாக உண்ண நீதிபதிகளை நாடுவதை அல்பகரா 188ஆம் வசனம் கண்டிக்கிறது. ஆகவே கையெழுத்துப் போடுமுன் ஒப்பந்தத்தின் நகலை ஒரு வக்கீலிடமும், வணிகச் சட்டங்கள் தெரிந்த ஓர் ஆலிமிடமும் காட்டுவதே பாதுகாப்பு.

நாம் செய்ய வேண்டியவை

• நாம் பணம் கொடுத்த நிறுவனம் திவால் நடவடிக்கைக்குப் போனால், பொது அறிவிப்பில் உள்ள கடைசித் தேதிக்குள் உரிய படிவத்தில் உரிமை கோர வேண்டும். ரசீது, வங்கிக் கணக்கு விவரம், ஒப்பந்தம் ஆகியவற்றைப் பத்திரமாக வையுங்கள்.

• வீடு வாங்கியவர்களைச் சட்டம் 2018 முதல் நிதிக் கடனாளர்களாக ஏற்கிறது. கடனாளர் குழுவில் தங்கள் பிரதிநிதி மூலம் வாக்களிக்கும் உரிமை அவர்களுக்கு உண்டு. அதை வீணாக்க வேண்டாம்.

• வழக்கு நிதி பற்றிப் பேச்சு வந்தால் நான்கு கேள்விகள் கேளுங்கள். பங்கு எவ்வளவு? தோற்றால் எதிர்த்தரப்பின் செலவு யார் தலையில்? சமரசம் செய்யும் முடிவு யார் கையில்? நிதி தருபவருக்கும் எதிர்த்தரப்புக்கும் தொடர்பு உண்டா?

கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கச் சொன்ன மார்க்கம் நம்முடையது. எழுதி வைத்தவருக்கே நாளை உரிமை கேட்க ஆதாரம் இருக்கும். ஹலாலாகச் சம்பாதித்த பொருளை அல்லாஹ் நமக்குப் பாதுகாத்துத் தருவானாக!