கரன்ட் வந்தாச்சு, வைஃபை வந்தாச்சு... பிரிண்டர் மட்டும் ஏன் ‘ஆஃப்லைன்’?

உடுமலைப்பேட்டை பக்கம் வீட்டு மாடியில் பவர்டேபிள் போட்டு ஜாப் ஒர்க் செய்பவர்களுக்கு இந்தக் காட்சி பழகியிருக்கும். மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலையில் கரன்ட் போகிறது. மாலை வந்ததும், தைத்து முடித்த பீஸ்களை அயனிங்குக்கு அனுப்ப வேண்டும். டெம்போ வாசலில் நிற்கிறது. ஜாப் ஒர்க்குக்குப் போகும் சரக்குடன் டெலிவரி செலானும் போக வேண்டும் என்பது ஜிஎஸ்டி விதி 55. லேப்டாப்பில் பிரிண்ட் கொடுத்தால் ‘பிரிண்டர் ஆஃப்லைன்’ என்கிறது. பிரிண்டரில் விளக்கு எரிகிறது, போனில் ரீல்ஸ் ஓடுகிறது. “அப்புறம் எதுக்குங்க ஆஃப்லைன்னு காட்டுது?”

இந்த இடத்தில் பலரும் செய்வது, டிரைவர் சாஃப்ட்வேரை அழித்துவிட்டு மறுபடி இன்ஸ்டால் செய்வது. அரை மணி நேரம் போகும். பெரும்பாலும் கோளாறு அங்கே இருக்காது.

வீட்டு ரவுட்டர், தன்னிடம் வரும் ஒவ்வொரு கருவிக்கும் ஒரு கதவு எண் கொடுக்கிறது. அதுதான் ஐபி முகவரி. இந்த எண் நிரந்தரமில்லை, கிட்டத்தட்ட டோக்கன் மாதிரி. காலையில் பிரிண்டருக்கு 192.168.1.5 என்று வைத்துக்கொள்வோம். கரன்ட் போய் வந்ததும் சில ரவுட்டர்கள் பழைய கணக்கை மறந்துவிடும். டிவியோ போனோ முந்திக்கொண்டு 5-ஐ வாங்கிவிட்டால், பிரிண்டருக்கு 9 கிடைக்கலாம். லேப்டாப்புக்கு அது தெரியாது. பழைய கதவையே தட்டிப் பார்த்துவிட்டு, ஆள் இல்லை என்று திரும்பி வருகிறது.

கண்டுபிடிக்க ஒரே ஒரு சோதனை போதும். பிரிண்டரின் நெட்வொர்க் மெனுவில் அதன் ஐபி எண்ணைப் பாருங்கள். திரை இல்லாத மாடல் என்றால், நெட்வொர்க் விவரப் பக்கத்தை அதிலேயே பிரிண்ட் எடுக்கலாம். அந்த எண்ணை அப்படியே லேப்டாப்பின் பிரவுசரில் டைப் செய்யுங்கள். பிரிண்டரின் பக்கம் திறந்தால் வைஃபை சரியாக இருக்கிறது, சிக்கல் லேப்டாப்பில். விண்டோஸில் பழைய பிரிண்டரை நீக்கிவிட்டு, ‘டிசிபி/ஐபி முகவரி மூலம் சேர்’ என்ற வழியில் புது எண்ணைக் கொடுங்கள். எண் சரியாக இருந்தும் பிரிண்ட் வரவில்லையா? வரிசையில் ஏதாவது ஒரு பழைய ஃபைல் மாட்டியிருக்கும். ‘சர்வீசஸ்’ பகுதிக்குப் போய் ‘பிரிண்ட் ஸ்பூலர்’ என்பதை ரீஸ்டார்ட் செய்தால் பெரும்பாலும் நகர்ந்துவிடும்.

பக்கம் திறக்கவில்லை என்றால் சிக்கல் நெட்வொர்க்கில். எண் 169.254 என்று ஆரம்பித்தால், ரவுட்டரிடமிருந்து பிரிண்டருக்கு முகவரியே கிடைக்கவில்லை என்று அர்த்தம். ரவுட்டர் முழுதாக எழுந்திருக்கும் முன்பே பிரிண்டர் ஆன் ஆனாலும் இப்படி நடக்கும். பிரிண்டரை அணைத்து, ரவுட்டர் விளக்குகள் நிலைத்த பிறகு ஆன் செய்து பாருங்கள்.

எண் ஒழுங்காக இருந்தும் பக்கம் திறக்காவிட்டால், வீட்டில் எத்தனை ரவுட்டர் என்று எண்ணிப் பாருங்கள். கீழ்வீட்டில் ஃபைபர் கம்பெனி வைத்த பெட்டி, மாடிக்குச் சிக்னல் போதாமல் நாமே வாங்கி மாட்டிய இன்னொன்று. இது இப்போது பல வீடுகளில் சகஜம். லேப்டாப் எண் 192.168.0 என்றும், பிரிண்டர் எண் 192.168.1 என்றும் ஆரம்பித்தால் இரண்டும் வேறு வேறு தெருவில் இருக்கின்றன. இரண்டாவது ரவுட்டரை ‘ஆக்சஸ் பாயின்ட்’ முறைக்கு மாற்றினால் எல்லாம் ஒரே தெருவுக்கு வந்துவிடும். லேப்டாப் ‘கெஸ்ட்’ வைஃபையில் இருந்தாலும் பிரிண்டர் தெரியாது. வீட்டிலிருந்து வேலை பார்க்கும் ஐடி நண்பர்கள் ஆபீஸ் விபிஎன்னை ஒருமுறை அணைத்துப் பார்க்கலாம்.

5 கிகாஹெர்ட்ஸ் விஷயத்தில் ஒரு தவறான நம்பிக்கை உண்டு. வீட்டு உபயோக பிரிண்டர்கள் பலவற்றுக்கு 2.4 மட்டும்தான் தெரியும் என்பது உண்மை. அதற்காக லேப்டாப்பையும் 2.4-க்கு மாற்றத் தேவையில்லை. ஒரே ரவுட்டர் என்றால் ஒன்று 5-லும் மற்றது 2.4-லும் இருந்துகொண்டே பேசிக்கொள்ளும். முதல்முறை இணைக்கும்போது மட்டும் கவனம் வேண்டும். புது ரவுட்டரில் பாதுகாப்பு ‘டபிள்யுபிஏ3’ மட்டும் என்று இருந்தால் பழைய பிரிண்டர் உள்ளே வராது. 2-ம் 3-ம் கலந்த முறையைத் தேர்ந்தெடுங்கள்.

அடுத்த பவர் கட்டுக்குப் பிறகும் இதே கதை வராமலிருக்க, ரவுட்டர் செட்டிங்ஸில் ‘அட்ரஸ் ரிசர்வேஷன்’ என்று இருக்கும். பிரிண்டரின் மேக் முகவரியைக் கொடுத்து ஓர் ஐபி எண்ணை அதற்கென்றே ஒதுக்கிவிடலாம். பத்து நிமிட வேலை. அந்த எண்ணைத் துண்டுச் சீட்டில் எழுதி பிரிண்டர் மேலேயே ஒட்டிவிடுங்கள்.

சரி, டெம்போ நிற்கிறதே? இ-வே பில்லுக்கு எண் போனில் இருந்தாலே போதும். காகிதம் தேவைப்படுவது செலானுக்கு. யுஎஸ்பி கேபிள் இருந்தால் நேரடியாகச் சொருகுங்கள். இல்லையா, போனின் வைஃபை பட்டியலில் ‘டைரக்ட்’ என்று ஆரம்பிக்கும் பெயர் வருகிறதா பாருங்கள். அது பிரிண்டரே பரப்பும் சிக்னல். அதில் இணைந்து செலானின் பிடிஎஃப்பைப் போனிலிருந்தே அனுப்பலாம். இதற்கு ரவுட்டரே வேண்டாம்.